ஓரத்தில் ஓர் ‘இரு’

வாயைத் திறந்தால் எனக்கு முதலில் வருகிற சொல் ‘இரு’. யார் எதைச் சொன்னாலும் இரு என்பேன். யோசித்துவிட்டு மிச்சத்தைப் பேசுவேன். பால் பொங்குகிறது என்று யாராவது கத்தினால்கூட இரு என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பேன் என்று என் தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அபாண்டம். ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்தது.

நாங்கள் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், கணிதத் துறையில், எதிரெதிர் அறைகளில் வேலை பார்த்தோம். அவன் ஓடுகிற ஆள், நான் நிறுத்துகிற ஆள். அவன் ஏதாவது எழுதி முடித்ததும் அச்சடித்து என் மேஜையில் போடுவான். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவேன். எந்த வரியில் எனக்கு இடறுகிறதோ அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ‘இரு’ என்று எழுதுவேன். வேறு விளக்கமெல்லாம் கிடையாது. அவன் அந்தச் சொல்லைப் பார்த்து முதலில் என்னைத் திட்டுவான், பிறகு அந்த வரியைத் திட்டுவான், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு தன் அறைக்குப் போவான். துறையில் எனக்கு ‘பிரேக்கு’ என்று பட்டப்பெயர். என் காதில் விழாது என்ற நம்பிக்கையில் வைத்தது. அவனுக்கு ‘வாலு’. அது நான் வைத்தது, அவனுக்கு நடக்க வந்த நாளிலேயே.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், அரை, கால், முக்கால் தெரிந்தால் போதும். ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்குங்கள். வந்ததிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழியுங்கள். கிடைத்த விடையை எடுத்து மறுபடி இதையே செய்யுங்கள், செய்துகொண்டே இருங்கள். பெரும்பாலான எண்கள் கண் காணாத இடத்துக்குப் போய்விடும், அல்லது எழுதக் காகிதம் போதாத பின்னங்களாகச் சிடுக்காகிவிடும். எப்போதாவது ஒன்றுதான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கும். கழிக்க வேண்டிய எண் ஒன்றே முக்காலே வீசம் என்று வையுங்கள். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. மைனஸ் காலில் கிளம்பினால் மைனஸ் ஒன்றே முக்கால் வரும். அதிலிருந்து ஒன்றே கால். அதிலிருந்து மறுபடி மைனஸ் கால். மூன்றே அடியில் வீடு வந்துவிட்டது. முக்காலில் கிளம்பினால் நேரே சுற்றுக்குள் நுழையாது, வெளியே அலைந்துவிட்டுத்தான் வந்து சேரும். அப்படி வெளியே அலைகிற பகுதிக்கு எங்கள் தொழிலில் வால் என்று பெயர். தம்பி இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான் என்று நான் கேலி செய்வதுண்டு. அவன் மறுத்ததில்லை.

பின்னங்களுக்குள் மூன்று அடிக்கு மேல் நீளமான சுற்று உண்டா? இந்தப் பெருக்கிக் கழிக்கிற விளையாட்டில் இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. இருக்க முடியாது என்றுதான் நாங்களெல்லாம் நம்புகிறோம், ஆனால் முழுதாக நிரூபிக்க யாராலும் முடியவில்லை. தம்பி அந்தக் கேள்வியோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தினான். பின்னங்களுக்கும், பின்னங்களோடு உறவுகொண்ட இன்னும் சில வகை எண்களுக்கும் சேர்த்து, சுற்றின் நீளம் ஓர் எல்லையைத் தாண்டாது என்று காட்டுகிற வழி ஒன்று அவனுக்குத் தட்டுப்பட்டிருந்தது. அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் அவன் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று, தான் எழுதிய இரண்டு எண்களில் எது பெரியது என்று தெரியாமல் விழித்தான்.

மாணவர்கள் அவன் ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று சிரித்தார்களாம். அவனும் சிரித்துச் சமாளித்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் நேரே என் அறைக்கு வந்தான். கையில் சாக்கட்டி அப்படியே இருந்தது.

“அக்கா, ஏழு பெருசா ஒம்போது பெருசான்னு எனக்குக் கொஞ்ச நேரம் தெரியலை.”

“இரு,” என்றேன். அவன் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கி மேஜையில் வைத்தேன்.

மூளையில் கட்டி. ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி அறுவை மருத்துவர் விளக்கினார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள். சுற்றி வளைக்காமல் பேசினார், அது எனக்குப் பிடித்திருந்தது. தம்பி நடுவில், நான் ஒரு பக்கம், அவன் மனைவி இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். தம்பி மனைவிக்குப் பல் செட்டு செய்கிற வேலை. பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சிலிருந்து மாவுக்கட்டில் வாயை வார்த்து, அதன்மேல் பல்லைக் கட்டி, ராவி ராவிப் பொருத்துவாள். கைவேலைக்காரி என்பதால் மருத்துவரின் விரல் படத்தின் மேல் எங்கே போகிறது என்பதையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“பெரும்பகுதியை எடுக்கறதுல சிக்கல் இல்ல,” என்றார் மருத்துவர். “சிக்கல் இந்த ஓரத்துலதான். எண்களைக் கையாளுற இடத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ஓரத்தையும் சேர்த்து எடுத்தா, கட்டி திரும்பி வர்றது ரொம்பத் தள்ளிப்போகும். ஆனா கணக்கு போயிடலாம். அனேகமா போயிடும். ஓரத்தை விட்டுட்டு எடுத்தா கணக்கு மிஞ்சும், கட்டி சீக்கிரமே திரும்பி வரும்.”

“எங்க தொழில்ல திரும்பி வந்தா நல்ல செய்தி டாக்டர்,” என்றான் தம்பி. “உங்க தொழில்ல தலைகீழா இருக்கே.”

மருத்துவர் சிரிக்கவில்லை. “ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சொன்னா போதும்.”

வெளியே வந்ததும், மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டே தம்பி தன் முடிவைச் சொன்னான். நேற்றே எடுத்துவைத்த முடிவு மாதிரி இருந்தது.

“அக்கா, எழுதி முடிச்சுட்டேன். உன் மேஜைல வைக்கிறேன். நீ பாரு. அது சரியா இருந்தா என் வேலை முடிஞ்சுது, ஓரத்தையும் சேத்து எடுத்துக்கச் சொல்லிடறேன். சரியில்லைன்னா எனக்குக் கணக்கு வேணும். விட்டுடச் சொல்லிடுவேன்.”

“பைத்தியமா உங்களுக்கு?” என்றாள் அவன் மனைவி. வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

“பைத்தியம்தான். படத்துல பாத்தியே.”

எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. அவன் உயிரைக் கொண்டுவந்து என் சிவப்புப் பேனாவின் நுனியில் வைத்துவிட்டு, வாலு, சிரித்துக்கொண்டு நிற்கிறான். மருந்துப் பையை வாங்கி அவன் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தேன்.

அறையைப் பூட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இதற்கு முன் அவன் எழுதியதையெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கப் படித்திருக்கிறேன். இதைத் தப்பு இருக்கக் கூடாது என்று படித்தேன். இரண்டும் ஒரே மாதிரி வேலை இல்லை. கண் அதுவாகவே நல்ல வரிகளில் தங்கி, சந்தேகமான வரிகளில் வழுக்கிக்கொண்டு போகிறது. அதைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து ஜன்னல் வரை போய் வந்து, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். அழகான வேலை. பொறாமையாகக்கூட இருந்தது. சுற்றில் இருக்கிற ஓர் எண்ணையும் அதற்கு அடுத்து வருகிற எண்ணையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தால் எல்லாவற்றையும் வகுக்கிறான். வகுத்ததும் கட்டுக்கடங்காமல் இருந்ததெல்லாம் கூட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எனக்கு அது தோன்றியிருக்காது.

அந்த வகுத்தலில்தான் இடறியது.

ஒவ்வொரு சுற்று நீளத்துக்கும் எங்களிடம் ஒரு சமன்பாடு உண்டு. இரண்டு அடிச் சுற்றுக்கு ஒன்று, மூன்று அடிச் சுற்றுக்கு ஒன்று என்று. அந்த நீளச் சுற்றில் இருக்கிற எண்கள் எல்லாமே அந்தச் சமன்பாட்டின் விடைகள். இது சரி. அந்தச் சமன்பாட்டின் விடைகள் எல்லாமே அந்த நீளச் சுற்றில் இருப்பவை என்றால், அது தப்பு. எப்போதாவது ஓர் எண் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே புகுந்துவிடும். இரண்டு அடி போய்த் திரும்புகிறேன் என்று சமன்பாட்டில் கையெழுத்துப் போட்டிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைந்திருக்காது. எங்கள் துறைக்கு வருகிறவர்கள் முதல் வருஷத்தில் தெரிந்துகொள்கிற விஷயம் இது. ஓட்டத்தில் இருக்கிறவர்கள்தான் மறப்பார்கள். அசையாத எண்ணுக்கும் அதற்கு அடுத்ததற்கும் இடையில் தூரம் ஏது? பூஜ்யம். தம்பி பூஜ்யத்தால் வகுத்திருந்தான்.

ஒருவேளை அப்படிப்பட்ட எண் அவன் எல்லைக்குள் வராமல் இருக்கலாம் என்று ஆசையோடு தேடினேன். சின்னதாக, மிகச் சாதாரணமாக, ஒன்று வந்தது. அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ‘இரு’ என்று எழுதினேன். கை வழக்கம். எழுதிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. தலையை மேஜைமேல் கவிழ்த்து அழுதேன். ஒரு வரிக்காக அழுவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அவர்களை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

கதவைத் தட்டினார்கள். தம்பி மனைவி. வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். அவள் சட்டைக் கையில் மாவுக்கட்டுப் பொடி, என்னுடையதில் சாக்கட்டிப் பொடி. அவள் என் முகத்தைப் பார்த்தாள், மேஜையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், அதில் சிவப்பாக இருந்த ஒரே சொல்லைப் பார்த்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி, உங்க கணக்கு எனக்குத் தெரியாது. நீங்க சரின்னு சொன்னா அவர் முழுசா எடுக்கச் சொல்லிடுவார். அது மட்டும் எனக்குத் தெரியும்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஆமா.”

மழுப்பாமல் சொன்னாள். நான் எதிர்பார்த்தது அழுகை, அழுதிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். அவளோ கையிலிருந்த பொடியைத் தேய்த்துத் தேய்த்து என் தரையில் உதிர்த்துக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“அவனுக்குக் கணக்கு போயிடுச்சுன்னா என்ன ஆவான்னு யோசிச்சியாம்மா?”

“யோசிச்சேன். வீட்ல உக்காந்து என் உயிரை வாங்குவார். வாங்கட்டும் அண்ணி.”

நானும் அதையேதான் நினைத்தேன். கணக்குத் தெரிந்த தம்பி எனக்கு வேண்டும் என்று இல்லை. தம்பி வேண்டும். அந்தக் காகிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, அவளோடு கிளம்பினேன். வழியில் பேருந்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போதுதான் விட்டாள்.

ஆஸ்பத்திரி அறையில் மதியச் சாப்பாட்டுத் தட்டை இன்னும் எடுத்துப் போகவில்லை. மறுநாள் ஆபரேஷனுக்காகத் தம்பியின் தலையை மழித்திருந்தார்கள். மொட்டைத் தலையோடு அவனைப் பார்த்ததும் நடக்க வந்த நாளின் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அவன் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தான்.

“பாத்தாச்சா?”

“பாத்துட்டேன். சரிடா.”

“எது?”

“எல்லாந்தான். முழுக்கப் பாத்துட்டேன். சரியா இருக்கு.”

நன்றாகத்தான் சொன்னேன். பேருந்தில் வரும்போது மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஒழுங்காக இருந்ததை மறுபடி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள்.

“எங்க, அக்கா?” என்றான்.

“எது எங்க?”

“எங்க உடையுதுன்னு கேக்கறேன்.”

“சரியா இருக்குன்னு சொல்றேன், எங்க உடையுதுங்கறியே.”

“அக்கா, நான் பொறந்ததுலேருந்து நீ எனக்கு எடுத்த எடுப்புல சரின்னு சொன்னதே கிடையாது. இவளைத்தான் கட்டிக்கப்போறேன்னு வந்து சொன்னப்பகூட இருன்னுதான் சொன்னே.”

“என்னையா?” என்றாள் தம்பி மனைவி, தட்டும் கையுமாக.

“உன்னையேதான். அப்புறம் ஒரு வாரம் கழிச்சு சரின்னாங்க. இப்ப மேஜை நிறைய பக்கம் குடுத்திருக்கேன், ஒரு இடத்துலகூட இருன்னு இல்லையாம். என்னை என்ன செத்துப்போனவன்னு நெனச்சு மரியாதை குடுக்கறியா?”

அந்த வார்த்தையில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவன்மேல், என்மேல், அந்த எண்மேல், எல்லாவற்றின்மேலும் கோபம்.

“மைனஸ் அரை,” என்றேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். “போதுமா? மைனஸ் அரைல உடையுது.”

தம்பி மனைவி தட்டை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவன் கண்ணை மூடினான்.

“கழிக்கிறது?”

“முக்கால்.”

“அரையை அரையால பெருக்கினா...” கொஞ்சம் நின்றான். முன்பெல்லாம் நிற்க மாட்டான். “கால். காலுல முக்கால் போச்சுன்னா மைனஸ் அரை.” கண்ணைத் திறந்தான். “நகரவே இல்லியே.”

“நகரலை. ஆனா ரெண்டடிச் சுத்தோட சமன்பாட்டுல விடையா வந்து உக்காந்திருக்கு. இது ஒண்ணு இல்ல, இது மாதிரி இன்னும் இருக்கு உன் எல்லைக்குள்ள. எல்லாத்தையும் சேத்துத்தான் வகுத்திருக்கே.”

“பூஜ்யத்தால.”

“பூஜ்யத்தாலதான்.”

சிரித்தான். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, பிறகு இருமல் வந்து நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. “சின்னப் புள்ளைங்க பண்ற தப்புக்கா. இத்தனை படிச்சுட்டு பூஜ்யத்தால வகுத்திருக்கேன்.” சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவனாகத் திரும்பும்வரை காத்திருந்தோம்.

“மிச்சம் எப்படி?” என்றான் திரும்பியதும்.

“மிச்சம் நிக்குது. அந்த மாதிரி அசையாத எண் வராத இடமெல்லாம் அப்படியே நிக்குது. முக்காலே மூணு வீசம் சரி.”

“இது நெஜமா?”

“நெஜமா. நல்ல வேலைடா. எனக்குத் தோணியிருக்காது.”

அவன் இதைத்தான் நம்பினான். முகத்தில் தெரிந்தது. “அப்ப குறையறது ஒரு வீசம்,” என்றான். “நீ அடைச்சுடுவியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அப்போது எல்லோருக்கும் வேண்டியிருந்தது அதுதான். ஆனால் ஒரு பொய்யை வைத்துக்கொண்டே நான் பட்ட பாடு போதும்.

“தெரியலைடா. உன்னளவு மூளை எனக்குக் கிடையாது. கோவம் வேணா இருக்கு.”

“கோவம் போதும்.” மனைவியை அருகில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டான். “டாக்டரை வரச் சொல்லு. ஓரத்தையும் சேத்தே எடுத்துடச் சொல்லிடலாம்.”

“தப்புன்னுதானே சொன்னாங்க?” என்றாள் அவள். நம்பிக்கையும் பயமும் ஒன்றாக இருந்தது அவள் குரலில்.

“தப்பு இருக்கறதாலதான். ஒரு தப்பும் இல்லாம வெச்சுட்டுப் போனா, பெட்டில போட்டு மூடி மாலை போட்டுடுவா. தப்பு இருந்தா விடமாட்டா எங்கக்கா.” என் பக்கம் திரும்பினான். “வேலை முடிஞ்சாத்தான் விட முடியும்னு நெனச்சுட்டேன். கைல வாங்கிக்க ஒரு ஆள் இருந்தா போதும் போலிருக்கு. ஏன்க்கா, டாக்டர்கிட்ட முக்காலே மூணு வீசம் எடுத்தா போதுமான்னு கேட்டுப் பாக்கட்டுமா?”

“சும்மா இருங்க,” என்று அவன் வாயைப் பொத்தினாள் அவன் மனைவி. பொத்திய கையை எடுக்காமலேயே அழுதாள்.

மறுநாள் காலையில் தள்ளுவண்டியில் அவனை அழைத்துப் போனார்கள். நீளமான தாழ்வாரம், வழுவழுப்பான தரை, சக்கரம் ஒன்று மட்டும் கிறீச்சிட்டது. நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் நடந்தோம். தியேட்டர் கதவுக்கு முன்னால் இதற்குமேல் வரக்கூடாது என்றார்கள். வண்டி நகர்ந்தது. என்னவெல்லாமோ சொல்ல நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது அந்த ஒரு சொல்தான்.

“இருடா,” என்றேன்.

வண்டியைத் தள்ளியவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சட்டென்று நின்றுவிட்டார். “என்னம்மா, ஏதாச்சும் விட்டுப்போச்சா?”

“உங்களை இல்லைங்க. நீங்க போங்க.”

தம்பி படுத்தபடியே கையைத் தூக்கி ஆட்டினான். கதவு மூடியது.

உயிர் தப்பியது. மருத்துவர் வெளியே வந்து, ஓரம் வரை சுத்தமாக எடுத்துவிட்டதாகச் சொன்னார். நினைவு தெளிந்ததும் எங்கள் எல்லோரையும் அடையாளம் கண்டான். பேச்சு வந்தது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் அவன் பேச்சுத்தான். நர்ஸ்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துவிட்டான். கணக்கு மட்டும் போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து “அது என்ன சொல்லுது?” என்று கேட்பான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, மடக்கியதற்கு என்ன பெயர் என்று யோசிப்பான். வீட்டுக்கு வந்த பிறகு, அவன் மனைவி பட்டறைக்குக் கிளம்பும்போது கதவருகில் நின்று, எப்போது வருவாய் என்று கேட்பான். அவள் மணி சொல்ல மாட்டாள். வெயில் சோபாவுக்கு வரும்போது வந்துவிடுவேன் என்பாள். சொன்னபடி வந்துவிடுவாள்.

நான் அந்த ஒரு வீசத்தோடு மல்லுக்கட்டினேன். அவன் ஓடித் தாண்டிய இடத்தை நான் நடந்துதான் கடக்க முடியும். அசையாத எண்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, ஒவ்வொரு வகையாக எடுத்து, தூரத்தால் வகுக்க முடியாத இடத்தில் வேறு எதால் வகுக்கலாம் என்று தேடி, கிடைக்காமல் எரிச்சலில் சாக்கட்டியைச் சுவரில் எறிந்து, மறுபடி பொறுக்கி எடுத்து எழுதினேன். எதிர் அறை பூட்டியிருந்தது. கதவைத் திறந்து “அக்கா, இதைப் பாரேன்” என்று கூப்பிட ஆளில்லை. அந்த வருஷம் முழுக்க எனக்குப் பேச்சுத் துணையே என் கோபம்தான். கடைசியில் ஒருநாள் அடைபட்டுவிட்டது என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். என் பக்கங்களின் ஓரம் வெள்ளையாகக் கிடந்தது. அவன் வேலையை நான் பார்த்தேன். என் வேலையை யார் பார்ப்பது?

காகிதங்களை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனால் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். முதல் பக்கத்தில் இரண்டு பேருக்கும் பெயர் போட்டிருந்தேன், அவனுடையது முன்னால். சோபாவில் வெயில் இன்னும் வரவில்லை. அவன் மனைவி அன்று வீட்டில்தான் இருந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பல் வரிசையை ராவிக்கொண்டிருந்தாள். தம்பி காகிதங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பெயரைப் படித்தான். சொற்களைப் படித்தான். எண் வருகிற இடத்திலெல்லாம் விரல் நின்று, தாண்டிப் போனது.

“அடைச்சுட்டியா?” என்றான்.

“அடைச்ச மாதிரிதான் இருக்கு.”

“எதை?”

காகிதத்தைத் திருப்பி, அந்த இடத்தைக் காட்டினேன். பழக்கதோஷம், கேட்டும்விட்டேன். “மைனஸ் அரைடா. ஞாபகம் இருக்கா? அரையை அரையால பெருக்கினா என்ன?”

ராவுகிற சத்தம் நின்றது. “கேக்காதீங்க அண்ணி,” என்றாள் அவன் மனைவி, மெதுவாக.

அவன் நெற்றியைச் சுருக்கினான். எங்கேயோ உள்ளே போய்த் தேடுகிற முகம். உதடு அசைந்தது, எதுவும் வரவில்லை. மறுபடி போனான். அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாயை அடக்கத் தெரியாத என்னை நானே சபித்துக்கொண்டேன்.

“விடுடா. அது கிடக்குது. இன்னொரு நாள் வரேன்,” என்று சொல்லிக் காகிதங்களை வாரிக்கொண்டு எழுந்தேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கண்ணை மூடியிருந்தான். இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தான்.

“இரு,” என்றான்.

எத்தனை பக்கங்களின் ஓரத்தில் அந்தச் சொல்லை நான் அவனுக்கு எழுதியிருக்கிறேன். ஒருநாளும் அவன் எனக்குச் சொன்னதில்லை. காகிதங்களை அவன் மடியிலேயே திருப்பி வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிடித்த கையை அவன் விடவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. அவன் சொன்னபடி இருந்தேன்.